ஜாமீன் கையெழுத்து: போடும் முன்னும் போட்ட பின்னும் கேட்கப்படும் கேள்விகள்

ஓர் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடும் இருக்கையில் 19 வருஷம் இருந்தேன். பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தின் (நாங்கள் சொசைட்டி என்போம்) பிடித்தங்கள் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். யார் யாருக்கு சூரிட்டி, அதாவது ஜாமீன் போட்டிருக்கிறார், யாருடைய கடன் யார் தலையில் விடிந்தது என்பதெல்லாம் அந்தப் பட்டியலிலேயே தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்துக்கு ஒருவராவது இதே சந்தேகங்களோடு வருகிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலிடம் போங்கள்.

ஜாமீன் கையெழுத்துன்னா ஆளைத் தெரியும்னு சொல்றதுதானே சார்?

இல்லை. ஆளைத் தெரியும் என்று சொல்வது அறிமுகக் கையெழுத்து. முன்பெல்லாம் வங்கியில் கணக்குத் தொடங்க, ஏற்கெனவே அங்கே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அப்படிப் போட்டுக் கொடுப்பார். என் கண் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார் என்று சொல்வது சாட்சிக் கையெழுத்து. இந்த இரண்டிலும் பணப் பொறுப்பு கிடையாது.

ஜாமீன் வேறு. அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று கடன் கொடுப்பவரிடம் நீங்கள் செய்துகொள்ளும் தனி ஒப்பந்தம் அது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 126ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வாய்மொழியாகச் சொன்னாலும் ஜாமீன் ஜாமீன்தான் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. இந்தக் கையெழுத்துகள் ஒரே படிவத்தில் அடுத்தடுத்து வரலாம் என்பதால், எந்தக் கட்டத்துக்கு எதிரே பேனாவை வைக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாட்சி என்று நினைத்து ஜாமீன்தாரர் கட்டத்தில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல்ல அவர்கிட்ட கேட்டு, அவர்கிட்ட ஒண்ணும் தேறலைன்னாதானே என்கிட்ட வருவாங்க?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். அது தவறு. 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. பாங்க் ஆஃப் பீகார் தொடுத்த ஒரு வழக்கில், முதலில் கடனாளியிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் போக வேண்டும் என்று கீழ்க்கோர்ட் நிபந்தனை போட்டது. 1969இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. ஜாமீன்தாரரிடம் வருவதைத் தள்ளிப்போடச் சொன்னால் ஜாமீன் வாங்கிய நோக்கமே கெட்டுப் போகும் என்பது அதன் நிலை.

நடைமுறையில் எப்படி என்றால், கடனாளி ஊரில் இல்லை, போனை எடுப்பதில்லை. நீங்களோ தினமும் ஒன்பதரைக்கு அதே நாற்காலியில் உட்காருகிறீர்கள். வசூலுக்கு வருபவர் யாரிடம் வருவார்?

எனக்கு அதுல ஒரு பைசா லாபம் கிடையாது. நான் ஏன் கட்டணும்?

லாபம் உங்களுக்கு வர வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. கடனாளிக்குப் பணம் கிடைத்ததே போதும் என்கிறது 127ஆம் பிரிவு. அந்த வாதத்தை விட்டுவிடுங்கள்.

ஆள் தங்கமானவர். தாராளமா நம்பலாம். போடலாமா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. நான் திருப்பிக் கேட்பது: எதற்கு நம்பலாம்? வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகலாம், குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரச் சொல்லலாம், ரகசியத்தைச் சொல்லலாம். இப்படி எத்தனையோ விஷயத்தில் நம்பக்கூடிய ஒருவர், 60 மாதத் தவணை விஷயத்தில் நம்பக்கூடாதவராக இருக்கலாம். அதனால் அவர் கெட்டவர் ஆகிவிட மாட்டார். நம்பிக்கை என்பது ஆளுக்கு மொத்தமாகக் கொடுக்கும் பட்டம் இல்லை. இன்ன காரியத்துக்கு, இவ்வளவு தொகைக்கு என்று அளவு உண்டு.

கடன் விஷயத்தில் நான் மூன்றைப் பார்ப்பேன்: மனசு, கை, வாய். கட்ட வேண்டும் என்ற மனசு இருக்கிறதா? கட்டும் அளவுக்குக் கையில் வரும்படி மிஞ்சுகிறதா? கட்ட முடியாத மாதம் வந்தால், அதை வாய் திறந்து முன்கூட்டியே உங்களிடம் சொல்வாரா? தங்கமானவர் என்று நாம் சொல்லும்போது மனசை மட்டும்தான் சொல்கிறோம். நான் பார்த்தவரை, ஏமாற்ற வேண்டும் என்றே கடன் வாங்கியவர் ரொம்பக் குறைவு. மனசு இருந்தும் கை வறண்டு, வெட்கத்தில் வாய் மூடிக்கொண்டவர்களால்தான் ஜாமீன்தாரர்கள் மாட்டினார்கள்.

என் கதையும் அதுதான். ஒரே பிரிவில் பக்கத்து நாற்காலி, 14 வருஷப் பழக்கம். தங்கை கல்யாணத்துக்கு சொசைட்டியில் கடன் போட்டார். நானும் இன்னொருவரும் சூரிட்டி. முதல் இரண்டு வருஷம் பிடித்தம் ஒழுங்காகப் போனது. அப்புறம் வெளியில் வட்டிக்கு வாங்கியது கழுத்தைப் பிடித்தது. அலுவலகத்துக்கு வந்தால் வாசலில் ஆள் நிற்பார்கள் என்று சம்பளமில்லா விடுப்பு போட ஆரம்பித்தார். சம்பளம் இல்லை என்றால் பிடித்தமும் இல்லை. என் கையால் போட்ட பட்டியலில் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம் விழுந்த மாதம்கூட, திரும்பி வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். 1,16,000 ரூபாய் பாக்கியில் என் பங்கு 58,000. மாதம் 2,000 வீதம் 29 மாதம் என் சம்பளத்தில் போனது. அந்தப் பிடித்தத்தையும் நானே பட்டியலில் ஏற்றினேன்.

இருபது வருஷப் பழக்கம். அதைவிட வேற என்ன சார் வேணும்?

பழக்கம் எத்தனை வருஷம் என்பதைவிட, அந்தப் பழக்கத்தில் பணம் எத்தனை தடவை குறுக்கே வந்தது என்று பாருங்கள். இருபது வருஷமும் சேர்ந்து டீ குடித்தது மட்டும்தான் என்றால், பண விஷயத்தில் அவரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஐந்நூறு ரூபாய் கைமாற்று வாங்கி, வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை முடியாமல் போனபோது வியாழக்கிழமையே வந்து சொன்னாரா? எனக்கு அந்த ஒரு வியாழக்கிழமை இருபது வருஷத்தைவிடப் பெரிய சான்று.

இன்னொன்றும் கவனிப்பேன். அலுவலகத்தில் டீக்கடை நோட்டுக்கணக்கு, மாதச் சீட்டு, பிரிவு உபசார வசூல் என்று சின்னச் சின்னப் பணம் புரளும். யாரிடம் வசூல் நோட்டைக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய பதவியில் இருப்பவரிடம் கொடுக்க மாட்டார்கள். யாரோ ஓர் அமைதியான ஆளிடம் கொடுப்பார்கள். கணக்கு முடிந்ததும் மிச்சம் 35 ரூபாய் என்று எழுதி அதையும் கொண்டுவந்து வைப்பார்.

சம்பள சிலிப்பைக் காட்டச் சொன்னா, சந்தேகப்படுற மாதிரி ஆகிடாதா?

வங்கிக்காரர் கேட்டால் காட்டுகிறார், இல்லையா? அந்த வங்கிக்கு இருக்கும் அதே இழப்பு உங்களுக்கும் இருக்கிறது. கேளுங்கள். மொத்தச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். பிடித்தமெல்லாம் போகக் கையில் எவ்வளவு வருகிறது, ஏற்கெனவே எத்தனை கடன் ஓடுகிறது, ஓய்வுக்கு எத்தனை வருஷம் இருக்கிறது, கடன் முடிய எத்தனை வருஷம் ஆகும் என்று பாருங்கள். ஓய்வுக்கு 3 வருஷம், கடனுக்கு 5 வருஷம் என்று வந்தால் அந்தக் கடைசி 2 வருஷம் யார் கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.

சிலிப்பைக் கேட்டதும் முகம் சுருங்குகிறவர், நான்காவது கேள்வியில் சொன்ன அந்த வாய் விஷயத்தில் எப்படி இருப்பார் என்று அங்கேயே தெரிந்துவிடும். கேட்காமலே எடுத்து நீட்டுகிறவரும் உண்டு. மறைத்துவிட்டு வாங்கிய ஜாமீன் செல்லாது என்று சட்டத்தில் 142, 143 பிரிவுகள் இருப்பதும் உண்மைதான். ஆனால் அவை கடன் கொடுத்தவரின் பொய்யையும் மௌனத்தையும் பற்றியவை. நண்பர் உங்களிடம் மறைத்ததற்காக வங்கி உங்களை விட்டுவிடாது.

எவ்வளவு தொகை வரைக்கும் போடலாம்னு ஒரு கணக்கு சொல்லுங்களேன்.

சட்டத்தில் கணக்கு இல்லை. என் கணக்கு இது: அந்தப் பணத்தை நானே கட்ட நேர்ந்தால், வீட்டில் சொல்லிவிட்டுக் கட்ட முடிய வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் போடும் கையெழுத்து என்றால் அது உங்கள் அளவுக்கு மிஞ்சியது. முழுத் தொகைக்கும் போட வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. இன்ன தொகை வரை மட்டும் பொறுப்பு என்று வரம்பு கட்டிப் போடலாம், கடன் கொடுப்பவர் ஒத்துக்கொண்டால். கேட்டுப் பாருங்கள். யாரும் கேட்பதில்லை.

ரெண்டு பேர் சூரிட்டி. எனக்குப் பாதிதானே?

உங்கள் இரண்டு பேருக்குள் பாதிப் பாதி. 146ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் படிவத்தில் பெரும்பாலும் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பொருள், கடன் கொடுத்தவர் முழுப் பணத்தையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். நீங்கள் கட்டிவிட்டு மற்றவரிடம் அவர் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக, நண்பரை மட்டும் பார்த்தால் போதாது. உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிற மற்ற ஆளையும் பார்க்க வேண்டும்.

நாளைக்கு நான் வீட்டுக்கடன் வாங்கப் போனா இது இடிக்குமா?

இடிக்கலாம். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையில், நீங்கள் ஜாமீன் நின்ற வங்கிக் கடனும் உங்கள் பெயரில் வரும். அவர் தவணை தவறினால் அந்தக் கறை உங்கள் அறிக்கையிலும் தெரியும். ஒழுங்காகக் கட்டினாலும்கூட, உங்களுக்குக் கடன் கொடுக்கிற வங்கி அதையும் உங்கள் பாரமாகக் கணக்கில் எடுக்கலாம். வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசமாகவே கிடைக்கும், எடுத்துப் பாருங்கள். அவர் கட்டுகிறாரா என்பதை அவரிடமே கேட்கச் சங்கடமாக இருந்தால் இது ஒரு வழி.

போட்டாச்சு. இப்போ பயமா இருக்கு. வாபஸ் வாங்க முடியுமா?

ஒரே கடன், பணமும் கைமாறிவிட்டது என்றால் நீங்களாக வாபஸ் வாங்க முடியாது. கடன் கொடுத்தவர் சம்மதித்தால் உங்களுக்குப் பதில் இன்னொரு ஜாமீன்தாரரைக் காட்டி விலகலாம். நண்பரின் உதவியில்லாமல் அது நடக்காது.

ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க வங்கி விடும் கடன்), கடைக்குச் சரக்குக் கடன் போலத் தொடர்ந்து ஓடும் கணக்குக்கு ஜாமீன் நின்றிருந்தால் நிலைமை வேறு. 130ஆம் பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்து (எழுத்திலேயே கொடுங்கள்), இனிமேல் கொடுக்கும் கடனுக்கு நான் பொறுப்பில்லை என்று நிறுத்தலாம். அதுவரை ஏறிய பாக்கிக்குப் பொறுப்பு உண்டு. அப்புறம், உங்களைக் கேட்காமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால் அதற்குப் பிந்தைய வரவு செலவுகளில் உங்களுக்குப் பொறுப்பு இல்லை என்கிறது 133ஆம் பிரிவு. ஆனால் என்ன மாற்றம் செய்தாலும் எனக்குச் சம்மதம் என்று படிவத்திலேயே பொடி எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. நகல் ஒன்று கேட்டு வாங்கி வையுங்கள்.

என் சம்பளத்தை மொத்தமா எடுத்துடுவாங்களா?

கோர்ட் டிக்ரி (தீர்ப்பாணை) மூலம் ஜப்தி என்றால் வரம்பு உண்டு. சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவின்படி, முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக்கூடாது. ஜப்திக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளம் 40,000 என்றால் மாதம் 13,000 வரை போகலாம். ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதத்துக்கு மேல் சம்பளத்தை ஜப்தி செய்ய முடியாது. அரசு ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு.

சொசைட்டிக் கடனில் பெரும்பாலும் கோர்ட் வரை போகவே தேவையிருக்காது. என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் பிடித்தார்கள்.

அப்பா யாருக்கோ ஜாமீன் போட்டுட்டு இறந்துட்டார். நாங்க கட்டணுமா?

அவர் விட்டுச் சென்ற சொத்து எவ்வளவு உங்களுக்கு வந்ததோ, அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் கை வைக்க முடியாது. மேலே சொன்ன தொடர் ஜாமீனாக இருந்தால், வேறு மாதிரி எழுதியிராத பட்சத்தில் அவர் இறப்போடு அது நின்றுவிடும். அதற்குப் பின் கொடுத்த கடன் சேராது. யாருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். காரியம் முடிந்த பதினாறாம் நாள் நோட்டீஸ் வந்து நின்ற வீட்டுக்கு நானே போயிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு அந்தக் கடனாளி யார் என்றே தெரியவில்லை.

கோர்ட்டில் ஒருத்தரை வெளியே எடுக்கப் போடுற ஜாமீனும் இதுவும் ஒண்ணா?

சொல் ஒன்று, பொருள் வேறு. அங்கே நீங்கள் சொல்வது அவர் குற்றம் செய்யவில்லை என்பதல்ல. கூப்பிட்ட தேதிக்கு வந்து நிற்பார் என்பது. வராவிட்டால் பிணைத்தொகையை உங்களிடம் கேட்பார்கள். அதில் பாதியில் விலக வழி இருக்கிறது: கோர்ட்டில் மனு போட்டால் அவரை வரவழைத்து வேறு ஜாமீன் கொடுக்கச் சொல்வார்கள். கடன் ஜாமீனைவிட இது ஒரு விதத்தில் சுலபம். ஒருவர் ஓடுவாரா மாட்டாரா என்று சொல்வது, 60 மாதம் கட்டுவாரா என்று சொல்வதைவிட எளிது.

நான் முழுசா கட்டித் தொலைச்சுட்டேன். அவர்கிட்ட திரும்ப வாங்க வழி இருக்கா?

இருக்கிறது. கட்டியவுடன் கடன் கொடுத்தவரின் இடத்துக்கு நீங்கள் வந்துவிடுகிறீர்கள் (140ஆம் பிரிவு). முறையாகக் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவேன் என்று கடனாளி வாயால் சொல்லாவிட்டாலும் சொன்னதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது (145). அவர் நகையோ பத்திரமோ அடகு வைத்திருந்தால் அதன் மேலும் உங்களுக்கு உரிமை உண்டு (141). வழக்குப் போட நீங்கள் கட்டிய நாளிலிருந்து 3 வருஷம். ரசீதுகளை உங்கள் பெயரில் வாங்குங்கள்.

நான் வழக்குப் போடவில்லை. 58,000 ரூபாயைவிட எனக்கு உறுத்தியது, அவர் எங்கள் தெரு வழியாக வருவதையே நிறுத்திக்கொண்டது. கடைத்தெருவுக்குச் சுற்றுவழியாகப் போனார். கட்ட முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் 29 மாதத்தில் பாதியை மறந்திருப்பேன். இதை எழுதும்போதும் கொஞ்சம் கோபம் வருகிறது, சரி, விடுங்கள்.

மச்சான் கேக்குறார். மாட்டேன்னு எப்படிச் சொல்றது?

உடனே சொல்லுங்கள். பார்க்கலாம், யோசிக்கலாம் என்று இழுத்து, அவர் உங்களை நம்பிப் படிவம் எல்லாம் நிரப்பி, கடைசி நாளில் கை விரிப்பதுதான் உறவைக் கெடுக்கும். காரணமாகப் பொய் சொல்லாதீர்கள். ஏற்கெனவே இரண்டு பேருக்குப் போட்டிருக்கிறேன் என்று சொன்னால், அது இல்லை என்று அடுத்த கல்யாணத்தில் தெரிந்துவிடும். "என் வரும்படிக்கு இந்தத் தொகை தாங்காது மச்சான்" என்றால் போதும். முடிந்தால் கையிலிருந்து ஒரு சின்னத் தொகையைக் கொடுங்கள், திரும்பி வராது என்றே நினைத்துக் கொடுங்கள். போகும் பணத்தின் அளவு அன்றைக்கே தெரிந்துவிடும்.

எனக்காக ஒருத்தர் போட்டிருக்கார். நான் எப்படி நடந்துக்கணும்?

இந்தக் கேள்வியை 19 வருஷத்தில் இரண்டு பேர்தான் கேட்டார்கள். தவணையைக் கட்டுங்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர் கேட்க நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒவ்வொரு மாதமும் உள்ளூர ஒரு கேள்வி இருக்கும். கேட்டால் உங்களை அவமதித்தது போலாகும் என்று விழுங்கிக்கொள்வார். கட்டியதும் ரசீதை வாட்ஸ்அப்பில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். வேறு வார்த்தை வேண்டாம்.

முடியாத மாதம் வருகிறது என்றால், தேதிக்கு முன்னால் போய்ச் சொல்லுங்கள். நேரில். பணத்தோடு போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், வெறுங்கையோடு போங்கள். வங்கியிலிருந்து அவருக்குத் தெரிவதற்கும் உங்கள் வாயிலிருந்து தெரிவதற்கும் நடுவில் இருக்கும் அந்த நாலைந்து நாளில்தான் உங்கள் பெயர் நிற்பதும் போவதும்.

ஒரு தடவை பட்டுட்டீங்க. அப்புறம் யாருக்காவது போட்டீங்களா?

இரண்டு பேருக்குப் போட்டேன். ஒருவர் எங்கள் அலுவலகத்தில் உதவியாளராக இருந்த ஓர் அம்மா. மகள் நர்சிங் படிப்புக்கு சொசைட்டிக் கடன், கையில் வரும் சம்பளம் என்னுடையதில் பாதிகூட இல்லை. கை என்ற கணக்கில் பார்த்தால் போட்டிருக்கக் கூடாது. ஆனால் பிரிவின் டீக்கணக்கு நோட்டு பல வருஷமாக அவரிடம்தான் இருந்தது.

மூன்றாம் வருஷம் ஒரு மாதம், சம்பளத்துக்குப் பத்து நாள் முன்னால் என் மேஜைக்கு வந்து நின்றார். "சார், கால் எலும்பு முறிஞ்சு வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில கிடக்கார். இந்த மாசம் முழுக்க நான் லீவு, சம்பளம் வராது. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்" என்றார். அந்த மாதத் தவணை 2,400 ரூபாயை நான் கட்டினேன். பொங்கல் போனஸ் வந்த அன்று மதியமே ஒரு கவரில் கொண்டுவந்து வைத்தார், நான்கு ஐந்நூறும் நான்கு நூறும்.

கடன் முடிந்தபோது சொசைட்டியில் கொடுத்த பாக்கியில்லாச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்து எனக்கும் ஒன்று தந்தார். ஜெராக்ஸ் காசு இரண்டு ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை.